நூற்று முப்பத்தெட்டு தப்படி

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. கால்பந்துப் பயிற்சியாளரான அவர், வேலை பார்த்த ஏழாவது நாட்டிலிருந்து தருமபுரிக்குத் திரும்பி வந்தார்.

2. வந்த மூன்றாம் நாள் காலை மைதானத்துக்குப் போய், ஒரு கோல் கம்பத்திலிருந்து எதிர்க் கோல் வரை நடந்து எண்ணினார். நூற்று நாற்பத்தெட்டு தப்படி வந்தது. நூற்று முப்பத்தெட்டுதான் வர வேண்டும் என்றார்.

3. கிழக்குப் பக்கக் கோல் கம்பங்களைப் பிடுங்கி, பத்து தப்படி உள்ளே தள்ளி நட்டார்கள்.

4. அந்த அளவில் இரண்டு மாதம் பயிற்சி நடந்தது.

5. பொம்மிடியில் ஆடிய ஆட்டத்தில் ஊர் அணி ஆறு கோல் வாங்கித் தோற்றது.

6. அந்தத் தோல்விக்காக ஒருவரை அணியிலிருந்து நீக்கினார்.

7. எட்டாவது நாட்டிலிருந்து வேலைக்குக் கடிதம் வந்தது.

8. நான் டேப் வைத்து அளந்தேன்.

எட்டாவதை நான் செய்திருக்க வேண்டியதில்லை. ஏன் செய்தேன் என்று சொல்ல வேண்டுமானால் அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் நான் டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு, ரோடு வேலைகளைப் பார்க்கும் ஒரு ஆபீஸில் டிரேசராக இருந்தேன். என்ஜினியர்கள் பென்சிலில் போட்டுக் கொடுக்கும் படங்களை மசியில் நகல் எடுப்பது என் வேலை. எங்கள் ஊர் இண்டூர். சாயங்கால பஸ் ஒன்றும் சொன்ன நேரத்துக்கு வராது என்பதால் தருமபுரியிலேயே ஒரு மாடி அறையில் தங்கினேன். கீழே அவருடைய மனைவி தனியாக இருந்தார். பிள்ளைகள் இல்லை. வருடத்தில் பதினோரு மாதம் ஆண்கள் யாரும் இல்லாத வீடு என்பதால்தான் அப்பா அந்த அறைக்குச் சம்மதித்தார்.

அந்தப் பதினொன்று போக மிச்சமிருந்த ஒரு மாதத்தில்தான் அவர் வருவார். ஊரில் அவரை ஃபாரின் பாய் என்றார்கள். பெங்களூரில் ஒரு கம்பெனி அணிக்காக ஆடி, அங்கேயே பயிற்சி கொடுக்கக் கற்று, முப்பத்து நான்கு வயதில் கடல் தாண்டிப் போனவர். நான் பார்த்தபோது ஐம்பத்தாறு வயது. உயரமானவர், முழுக்க நரைத்தவர். வீட்டுக்குள்ளும் வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்டிருப்பார்.

வெளிநாடு போய் வந்தவர்கள் பேசும் எதையும் அவர் பேசமாட்டார். எந்த நாட்டில் எந்த ராஜாவைப் பார்த்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், அந்த நாட்டின் பெயரைக்கூடச் சொல்லமாட்டார். எல்லா நாட்டையும் மைதானத்தின் பெயரால்தான் சொல்வார். மணல் நாடு. மழை நாடு. உப்புக்காற்றுத் தீவு. ஏரி நாடு. சிவப்பு மண் நாடு இரண்டு இருந்தன. ஒன்றில் புல் உண்டு, இன்னொன்றில் கிடையாது.

"புல்லு இல்லாத செவப்பு மண்ணுல பந்து முழங்கால் உசரம் எழும்பும்மா," என்று என்னிடம் முதல் சந்திப்பிலேயே சொன்னார். "அங்க வளந்த பசங்களுக்கு நெஞ்சுல பந்தை வாங்க வராது. வாங்க வேண்டிய தேவையே வந்திருக்காது. ஆளைத் திட்டுறதுக்கு முன்னாடி மண்ணைப் பாக்கணும்."

மண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் நீளத்தைப் பார்ப்பார். எந்த நாட்டில் இறங்கினாலும் முதல் வேலை, மைதானத்தை நடந்து எண்ணுவது. அவருடைய தப்படி ஒன்று முப்பது அங்குலம். இருபத்து நான்கு வயதில் பெங்களூர் அணியில் இருந்தபோது ஒரு முழு நாள் செலவழித்துப் பழகிக்கொண்ட நடை அது. நூற்று முப்பத்தெட்டு தப்படி என்றால் நூற்றைந்து மீட்டர். மைதானம் அந்த நீளத்துக்குக் கூட இருந்தாலும் குறைய இருந்தாலும் கோல் கம்பத்தை நகர்த்தச் சொல்வார். இதற்காக இரண்டு நாடுகளில் மந்திரி வரைக்கும் போயிருக்கிறார்.

"எல்லா ஊருலயும் ஒரே நீளம் எதுக்குங்க சார்?" என்று கேட்டேன்.

"பந்தை உதைக்கிறவன் கண்ணால அளந்து உதைக்கிறதில்ல. பழக்கத்துல உதைக்கிறான். தினம் ஒரே நீளத்துல உதைச்சாத்தான் அந்தப் பழக்கம் கால்ல உக்காரும்."

ஆட்டம் முழுவதையும் அவர் தப்படியில்தான் வைத்திருந்தார். தடுப்பாளருக்கும் நடு ஆட்டக்காரருக்கும் இடையே இருபத்திரண்டு. ஓரத்தில் ஓடுபவருக்கும் கோட்டுக்கும் நான்கு. பயிற்சியின் முதல் நான்கு நாள் பந்தையே எடுக்கமாட்டார். பதினைந்து பேரையும் கூட்டிக்கொண்டு மைதானத்தில் நடப்பார், ஆங்காங்கே சுண்ணாம்புப் புள்ளி வைப்பார்.

ஊர் அணியில் இடது ஓரத்தில் ஓடியவர் பென்னாகரம் பஸ்ஸில் கண்டக்டர். இருபத்தாறு வயது. நாலாம் நாள் கண்டக்டர் கேட்டாராம்: "சார், சும்மா நடக்கறதுக்கு ஆளுக்கு ஒரு டிக்கெட் கிழிச்சிரட்டுங்களா?"

அவரும் சிரித்துவிட்டு, "கிழி. எந்த ஸ்டேஜ்ல எறங்கணும்னு மட்டும் மறந்துறாத," என்றாராம்.

இதை எனக்குச் சொன்னது சைக்கிள் கடைக்காரர். அவர்தான் அணியின் கோல்கீப்பர். எங்கள் தெருமுனையில் கடை. என் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போகும்போதெல்லாம் மைதானத்துச் செய்தி முழுக்கக் கிடைக்கும்.

மைதானம் மட்டும்தான் என்றில்லை. எதையும் அவர் எண்ணிப் பார்த்துத்தான் ஏற்றுக்கொள்வார். கல்யாணப் பந்தல், ரயில்வே பிளாட்பாரம், பஸ் நிலையத்திலிருந்து மாவு மில். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா ஒருநாள் வெங்காயம் உரித்தபடி சொன்னார்: "வருஷம் கழிச்சு வூட்டுக்கு வருவாரு தங்கச்சி. வாசல்லேந்து அடுப்படி வரைக்கும் எண்ணிக்கிட்டேதான் வருவாரு. வூடு சரியா இருக்குன்னு ஆனப்புறம்தான் நான் இருக்கனான்னு பாப்பாரு."

"கோவம் வராதாக்கா?"

"மொதல்ல வந்துச்சு. அப்புறம் நானும் அடுப்படியிலேந்து எண்ண ஆரம்பிச்சுட்டேன். பதினொண்ணு. பதினொண்ணுன்னு அவரு நெனைக்கும்போது டீ ஆறாம கையில இருக்கும்."

நான் சர்வே படித்தவள் என்று தெரிந்ததும் அவருக்கு என்மேல் ஒரு ஆர்வமும், கொஞ்சம் இளக்காரமும் சேர்ந்தே வந்தன. மாடிப்படி அடியில் நின்று கேட்பார்: "ஏம்மா, நீங்க ரோட்டை எதால அளக்கறீங்க?"

"சங்கிலி சார். சின்ன வேலைன்னா ஸ்டீல் டேப்பு."

"டேப்பா." அதற்கு ஒரு கதை வைத்திருந்தார். மணல் நாட்டில் மைதானம் பராமரிப்பவர் டேப் போட்டு அளந்து நூற்று நான்கு என்றார். இவர் எண்ணியதில் நூற்று மூன்று. மறுபடி டேப், மறுபடி நூற்று நான்கு. கடைசியில் பார்த்தால் அந்த டேப்பில் முதல் ஒரு மீட்டர் என்றைக்கோ அறுந்துபோயிருந்தது. ஒன்று என்ற எண்ணிலிருந்துதான் டேப்பே தொடங்கியது. அதை வைத்தே அந்த நகரத்தின் எல்லா மைதானங்களையும் போட்டிருந்தார்கள். "டேப்பு அறும், நீளும், மறந்து வெச்சுட்டு வந்துடுவோம். கால் எங்கயும் போகாதும்மா," என்று முடித்தார்.

நல்ல கதை. நான் அதை நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அந்த நாட்டில் அவர் கால் சொன்னதுதான் சரி.

இனி வரிசையில் இரண்டாவதுக்கு வருகிறேன். அந்த வருடம் அவர் வழக்கம்போல் ஒரு மாத விடுப்பில் வரவில்லை. ஏழாவது நாட்டில் மூன்று வருட ஒப்பந்தம் எட்டு மாதத்தில் முடிந்துபோயிருந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சும்மா இருக்க முடியாமல் ஊர் அணியைக் கையில் எடுத்தார். நடந்து எண்ணினார். நூற்று நாற்பத்தெட்டு.

"கிரவுண்டு வளருமாங்க சார்?" என்று சைக்கிள் கடைக்காரர் கேட்டிருக்கிறார்.

"வளராது. நான் இல்லாத நேரத்துல எவனோ கம்பத்தைப் பிடுங்கி, பெயின்ட் அடிச்சுட்டு, தள்ளி நட்டிருக்கான்."

உண்மையில் சில வருடங்களுக்கு முன்னால் கம்பங்களுக்குப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அதனால் யாரும் மறுக்கவில்லை. ஏழு நாட்டு மைதானங்களை அளந்தவர் சொல்கிறார், எதிர்த்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? கடப்பாரை, சிமென்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கம்பம் உள்ளே வந்துவிட்டது.

இரண்டு மாதத்தில் அணி பிரமாதமாகிவிட்டது. உள்ளூர் மைதானத்தில் யார் வந்தாலும் ஜெயித்தார்கள். கண்டக்டர் இடது கோட்டிலிருந்து தூக்கிப் போடும் பந்து, ஆள் நிற்கும் இடத்தில் தட்டில் வைத்ததுபோல் இறங்கும். அவரே வீட்டு வாசலில் கண்டக்டரைத் தோளில் தட்டிக்கொடுத்ததை நான் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன்.

பிறகு பொம்மிடி. ஸ்டேஷன் பக்கம் ரயில்வே ஆட்கள் ஆடும் மைதானம். அக்காவுக்கு அங்கே சொந்தக்காரர்கள் இருந்ததால் நானும் அக்காவோடு பஸ்ஸில் போனேன். பந்தாட்டத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு விஷயம் எனக்குக்கூடத் தெரிந்தது: எங்கள் ஆட்கள் அடித்த நீளப் பந்துகள் எல்லாமே ஆளை எட்டாமல் முன்னாலேயே விழுந்தன. நாலு தப்படி, ஐந்து தப்படி முன்னால். கண்டக்டர் போட்ட பந்துகள்தான் அதிகம். ஒவ்வொன்றையும் பொம்மிடிக்காரர்கள் சாவகாசமாக எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆட்டம் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் அவர் கண்டக்டரிடம் சொன்னார்: "உன் கால்ல பலம் இல்ல தம்பி. வெளியூருன்னா பயம் வேற. நாளைலேந்து வராத."

கண்டக்டர் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

அவர் அந்த மைதானத்தையும் எண்ணிவிட்டு வந்தார். "நூத்தி நாப்பத்தேழு," என்றார் பஸ்ஸில். "இவனுங்களும் நீளமாத்தான் போட்டிருக்கானுங்க."

அப்போதுதான் எனக்கு முதலில் ஏதோ இடறியது. இன்னதென்று தெரியவில்லை.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. எட்டாவது நாடு. மலைமேல் மைதானம் என்று எழுதியிருந்தார்களாம். அவர் உடனே மலை நாடு என்று பெயர் வைத்துவிட்டார். இரண்டு மாதத்தில் கிளம்ப வேண்டும். அக்கா என்னிடம் தனியாகச் சொன்னார், இதுதான் கடைசி வாய்ப்பு. முதல் நாலு நாட்டிலும் மூணு வருஷம், நாலு வருஷம் இருந்தவர். ஐந்தாவதில் இரண்டு. ஆறாவதில் ஒன்றரை. ஏழாவதில் எட்டு மாதம். எட்டாவதிலும் இப்படித் திரும்பி வந்தால் அதற்குப் பிறகு யாரும் கடிதம் போடமாட்டார்கள்.

"வூட்டுலயே இருந்துடச் சொல்லலாம்ல அக்கா?"

"இருந்தா? காலையிலேந்து ராத்திரி வரைக்கும் அடுப்படியை எண்ணிக்கிட்டு இருப்பாரு. நான் எங்க போறது?"

கிளம்புவதற்கு முன்னால் தன் மைதான நோட்டை நல்ல கையெழுத்தில் நகல் எடுத்துத் தரச் சொன்னார். பழைய நோட்டு மழை நாட்டில் நனைந்து, ஏரி நாட்டில் கரையான் அரித்துக் கிடந்தது. நகல் எடுப்பது என் தொழில். மூன்று சாயங்காலம் உட்கார்ந்தேன். நோட்டில் ஜெயித்தது, தோற்றது எதுவும் இல்லை. மைதானம், மண், காற்று வரும் திசை, தண்ணீர் நிற்கும் மூலை. அப்புறம் இரண்டு பத்தி: அவர்கள் சொன்ன நீளம், நான் எண்ணிய நீளம். அதை மீட்டராக மாற்றி எழுதியிருந்தார்.

வரிசையாக எழுதப்பட்ட எதையும் நான் மேலிருந்து கீழே ஒருமுறை படித்துவிடுவேன். முதல் நாலு நாட்டில், அவர்கள் சொன்னதைவிட இவர் எண்ணியது எப்போதும் குறைவு, அல்லது சமம். அவர் சொல்வதுபோல எல்லாரும் கூட்டித்தான் சொல்கிறார்கள். ஐந்தாவது நாட்டிலிருந்து மாறுகிறது. சொன்னது நூற்றைந்து, எண்ணியது நூற்றேழு. ஆறாவதில் சொன்னது நூற்றைந்து, எண்ணியது நூற்றுப் பத்து. ஏழாவதில் நூற்றுப் பதினொன்று. தருமபுரியில் நூற்றுப் பதின்மூன்று.

சர்வே பாடத்தில் இரண்டாம் பருவத்திலேயே வரும் கணக்கு ஒன்று உண்டு. தேய்ந்தோ மடங்கியோ சங்கிலி தன் அளவைவிடக் குறுகிவிட்டால், அளக்கப்படும் நிலம் உண்மையைவிட நீளமாகத் தெரியும். ஒவ்வொரு தேர்விலும் இந்தக் கேள்வி வரும். நான் பதில் எழுதாத வருடமே கிடையாது.

மசிப்பேனாவை மூடி வைத்தேன்.

பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அங்கே ஊர்க் கணக்குகளை எழுதியிருந்தார். வாசலிலிருந்து பள்ளிவாசல் படி வரை, பத்து வருடத்துக்கு முன்னால் போட்டது: நானூற்றுப் பன்னிரண்டு. கீழே போய், "சார், பள்ளிவாசல் இங்கிருந்து எத்தனை தப்படிங்க?" என்று கேட்டேன்.

"நானூத்தி நாப்பத்திரண்டு," என்றார் யோசிக்காமல். "முன்ன நானூத்திப் பன்னெண்டு இருந்துச்சு. புது ரோடு போட்டப்ப வளைச்சுட்டானுங்க."

அந்த ரோட்டின் படத்தை நகல் எடுத்தவள் நான். வளைவு இல்லை.

மறுநாள் ஆபீஸிலிருந்து முப்பது மீட்டர் ஸ்டீல் டேப்பைக் கேட்டு வாங்கி வந்தேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு மைதானத்தில் யாரும் இல்லை. டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அக்கா வந்தார். எதற்கு என்று கேட்கவில்லை. புர்காவைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பூஜ்யத்தைக் கம்பத்தின் அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். முப்பது, முப்பது, முப்பது, அப்புறம் எட்டு. தொண்ணூற்றெட்டு மீட்டர். பழைய கம்பம் இருந்த சிமென்ட் குழி இன்னும் தெரிந்தது. அங்கிருந்து போட்டால் நூற்றைந்து மீட்டருக்கு ஒரு சாண் அதிகம். அதாவது பழைய கம்பம் சரியான இடத்தில்தான் இருந்திருக்கிறது.

அவருடைய தப்படி குறுகிவிட்டது என்று அக்காவிடம் சொன்னேன். அவர் டேப்பின் முனையை விடாமல் உட்கார்ந்தபடியே இருந்தார்.

"மூணு வருஷமா இடது ஷூ மட்டும் வெளிப்பக்கம் தேயுது," என்றார். "படி ஏறும்போது வலது காலை வெச்சுட்டு, இடதைக் கூட்டிக்கிட்டுப் போறாரு. கேட்டா, ஷூ சரியில்லம்பாரு."

"அவருக்குத் தெரியுங்களா அக்கா?"

"வலி தெரியும். நீ சொல்றது தெரியாது. நீயே சொல்லிடு. நான் சொன்னா வைத்தியம்னு நெனைப்பாரு. நீ சொன்னா கணக்கு."

எனக்குத் தயக்கம் இருந்தது. சொன்னால் அவர் போகாமலே இருந்துவிடலாம். சொல்லாவிட்டால் மலை நாட்டிலும் கம்பத்தைப் பிடுங்குவார். வீட்டு மைதானத்தில் ஜெயிப்பார், வெளியே போய்த் தோற்பார், வருடத்துக்குள் திரும்பி வருவார். இரண்டையும் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். எழுதிப் பார்த்ததில் இரண்டும் சமமாக இல்லை. ஆனாலும் அன்று சாயங்காலம் வரை கீழே இறங்கவில்லை.

சொன்ன விதம் இதுதான். தெருவில் டேப்பை நீட்டிப் போட்டு, "சார், இது முப்பது மீட்டர். கொஞ்சம் எண்ணிக் காட்டுங்க," என்றேன். பார்க்க சைக்கிள் கடைக்காரரும் வந்து நின்றார்.

முப்பத்தொன்பது, மிஞ்சினால் நாற்பது வர வேண்டும். அவர் நடந்தார். நாற்பத்திரண்டு.

"டேப்பு நீளம்," என்றார்.

"புதுசுங்க சார். பூஜ்யத்துலேந்து இருக்கு. பாருங்க."

குனிந்து பூஜ்யத்தைப் பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். திரும்ப வந்து இரண்டாம் முறை நடந்தார். இந்த முறை காலை எட்டி எட்டி வைத்தார். பதினைந்தில் இடது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இருபத்தாறில் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். சைக்கிள் கடைக்காரர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபின் அவர் கேட்ட முதல் கேள்வி: "எந்த நாட்டுலேந்தும்மா?"

நோட்டைக் கொண்டுவந்து காட்டினேன். "அஞ்சாவதுலேந்துங்க சார். அதுல ரெண்டு மீட்டர்தான் வித்தியாசம். ஆறுல அஞ்சு. ஏழுல ஆறு."

"அஞ்சாவதுல நான் கம்பத்தை நகத்தல. ரெண்டு மீட்டர்தானேன்னு விட்டுட்டேன்." விரலைக் கீழே நகர்த்தினார். "ஆறாவது ஏரி நாடு. நகத்தினேன். அங்க ஒரு பையன் இருந்தான். லெஃப்ட் அவுட். வெளியூர் ஆட்டத்துல எல்லாப் பந்தும் குறையா விழுந்துச்சு. உனக்குக் கால்ல பலம் இல்லடான்னு சொல்லி வெளிய அனுப்பிட்டேன். பத்தொன்பது வயசு."

பிறகு சைக்கிள் கடைக்காரர், அவரால் எந்த அமைதியையும் ரொம்ப நேரம் தாங்க முடியாது, "நம்ம கண்டக்டரும் அதே ஓரம்தானுங்க சார்," என்றார்.

அவர் எழுந்து, பஸ் நிலையத்துக்கு நடந்தார். மெதுவாக. எண்ணவில்லை என்று நினைக்கிறேன், உதடு அசையவில்லை.

அங்கே நடந்ததைக் கண்டக்டரே பின்னால் சொன்னார். பென்னாகரம் வண்டி கிளம்பும் நேரம். படியில் ஏறி நின்றுகொண்டு, கூடையோடும் ஆட்டுக்குட்டியோடும் உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு முன்னால், "தம்பி, அன்னைக்கு உன்மேல சொன்னது தப்பு. கம்பத்தை நான்தான் தப்பா நட்டேன். நீ சரியாத்தான் உதைச்ச," என்றாராம்.

"படியில நின்னா வண்டி எடுக்க முடியாதுங்க சார்னு சொன்னேன்," என்றார் கண்டக்டர். "ஏறிட்டாரு. எங்க எறங்கணும்னு கேட்டேன். தெரியலேன்னாரு. பென்னாகரம் வரைக்கும் கூட்டிட்டுப் போயி, டீ வாங்கிக் குடுத்து, அதே வண்டியில திருப்பிக் கொண்டாந்து விட்டேன். ரெண்டு பக்கமும் டிக்கெட் போட்டேங்க. செக்கர் வந்தா யாரு பதில் சொல்றது?"

அந்த வாரம் எனக்கு இரண்டு ஆங்கிலக் கடிதம் எழுதும் வேலை வந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒன்று ஏரி நாட்டுக்கு, அந்த இடது ஓர ஆட்டக்காரருக்கு. முகவரி தெரியாததால் அணியின் பழைய முகவரிக்கே போட்டோம். கம்பம் எத்தனை மீட்டர் தள்ளி இருந்தது என்பதுவரை அதில் எழுதச் சொன்னார். இன்னொன்று மலை நாட்டுக்கு. என் இடது இடுப்பு தேய்ந்திருக்கிறது. ஓடிக் காட்ட முடியாது. நடந்து அளக்க முடியாது. கடைசி இரண்டு வேலைகளில் இதனால் தவறு செய்தேன்.

"கடைசி வரி வேணுங்களா சார்?" என்று கேட்டேன்.

"நீ ரோட்டுப் படத்துல பள்ளத்தைப் போடாம விடுவியா?"

நான் எழுதினேன். அக்கா தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, அன்று முழுக்க அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. கோபமா பயமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஐந்து வாரம் பதில் இல்லை. அந்த ஐந்து வாரத்தில் கம்பத்தைப் பழைய குழியிலேயே திரும்ப நட்டார்கள். கண்டக்டர் விடுப்பு நாட்களில் ஆட வந்தார். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். சேலத்தில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, தப்படியின் நீளம் இனி குறையத்தான் செய்யும், கூட வாய்ப்பில்லை என்று சொல்லிவிட்டார்.

ஆறாம் வாரம் பதில் வந்தது. நாலே வரி. ஓடுவதற்கு எங்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள், நீங்கள் வந்து பாருங்கள், டேப் நீங்களே கொண்டு வரவும், இங்கே நல்லது கிடைப்பதில்லை.

அவர் அதை மூன்று முறை படித்தார். பிறகு, "டேப்புன்னா ரெண்டு ஆள் வேணுமே," என்றார், ஏதோ அந்த ஒன்றுதான் சிக்கல் என்பதுபோல.

"அங்க ஆளுங்க இருப்பாங்கல்ல," என்றேன்.

அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். "இருவத்திரண்டு வருஷமா தனியா போனீங்க. நடந்து எண்ண ஒரு ஆள் போதும், சரி. எனக்குப் பூஜ்யத்தை எங்க வெக்கணும்னு தெரியும். எம்பேர்லயும் ஒரு பாஸ்போர்ட்டுக்கு எழுதுங்க."

"அங்க குளுரும்," என்றார் அவர்.

"சொட்டர் போட்டுக்கறேன்."

விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அக்காவையே கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அதைக் காலியாக விடச் சொன்னார்.

இப்போதைய நிலை இது. அவர்கள் போய் மூன்று வருடம் ஆகிறது. ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டியிருக்கிறார்கள். அவர் கைத்தடி வைத்துக்கொண்டிருக்கிறாராம். ஏரி நாட்டிலிருந்து பதில் வரவில்லை. கீழ் வீடு பூட்டியிருக்கிறது. மாதம் ஒருமுறை திறந்து பெருக்குகிறேன். சாவி என்னிடம் இருக்கிறது.